தண்ணீர் இறங்காத படிக்கட்டு

எங்கள் வீட்டுக் கூடத்தில், மின்விசிறி சுவிட்சுக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்ட புகைப்படம் ஒன்று தொங்குகிறது. காபி வரும்வரை பார்ப்பதற்கு அங்கே வேறு எதுவும் இல்லாததால் வருகிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். படத்தில் இரண்டு பேர் நிற்கிறோம். ஒருவர் எங்கள் ஃபோர்மன். கைக்குட்டையால் கையைத் துடைத்தபடி, கல்யாணப் பந்தியைக் குறையில்லாமல் நடத்தி முடித்தவர் போலச் சிரிக்கிறார். பக்கத்தில் நிற்பது நான். என் முகத்தைப் பார்த்தால் துக்க வீட்டில் எடுத்த படம் என்றுதான் சொல்வார்கள். எங்களுக்குப் பின்னால் ஒரு சரிவில், மேலேயிருந்து கீழே வரை, இரண்டு பக்கமும் கரை கட்டிய கல் படிக்கட்டு. "இது எந்த ஊர்க் குளம்?" என்று கேட்பார்கள். குளம் இல்லை, இத்தாலியில் ஒரு பழைய பிரபுவின் அரண்மனைத் தோட்டம் என்பேன். "அவ்வளவு தூரம் போயி இந்தக் காஞ்ச படிக்கட்டு முன்னாடியா நின்னீங்க?" என்பார்கள்.

அது காய்ந்த படிக்கட்டு இல்லை. ஊன்றிப் பார்த்தால் கல்லில் ஈரம் மின்னுவது தெரியும். நானூறு வருஷமாக ராத்திரி பகல் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்த படிக்கட்டு அது. கடல் தாண்டி நான் அங்கே போய்ச் சேர்ந்த அன்றைக்கு, அதன் முன்னால் போய் நிற்பதற்குச் சற்று முன்பாக, நின்றுபோனது. நிறுத்தியவர்தான் படத்தில் சிரிக்கிறார்.

இதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. வயதாகிவிட்டது, ஆறிவிட்டது என்றெல்லாம் பெருந்தன்மையாக எழுத ஆசைதான். ஆறவில்லை.

எண்பதுகளில் நான் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் சார்ஜ்மேனாக, அதாவது ஃபோர்மனுக்கு அடுத்த படியில், இருந்தேன். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன். கல்யாணமான புதிதில் குடியிருப்பில் வீடு கிடைத்தது. எங்கள் வரிசையில் தென்காசிக்காரர், தஞ்சாவூர்க்காரர், சேலத்துக்காரர் என்று எல்லா ஊர் ஆட்களும் இருந்தோம். பேச்சில்தான் வேறு வேறு. விடிந்தால் எல்லாருக்கும் ஒரே பாட்டுத்தான், தண்ணீர். குழாயில் விடியற்காலையில் கொஞ்ச நேரம் வரும். வருகிறபோது முதலில் காற்று வரும், பிறகு செம்மண் நிறத்தில் ஏதோ வரும், பிறகு தண்ணீர் வரும், அது தெளிகிற நேரத்தில் நின்றுவிடும். கோடையில் அதுவும் கிடையாது, லாரி வரும். லாரி வருகிற தெருமுனைக்குக் குடங்கள் முதல்நாளே போய் வரிசையில் உட்கார்ந்துவிடும். எங்கள் சமையலறையில் மனிதர் நிற்பதற்கு இருந்த இடத்தைவிடக் குடமும் அண்டாவும் நிற்பதற்கு இருந்த இடம்தான் அதிகம்.

அந்தக் குடங்களுக்கு மேலே சுவரில் ஒரு நாட்காட்டி இருந்தது. தொழிற்சாலைக்கு எந்திரம் விற்க நினைத்த இத்தாலிக் கம்பெனி ஒன்று வருஷாவருஷம் அனுப்புகிற வழவழப்பான நாட்காட்டி. அதில் ஒரு மாதத்தின் படம் அந்தத் தோட்டம். மலைச்சரிவில் படிக்கட்டு, படிக்கட்டு முழுக்கத் தண்ணீர், இரண்டு பக்கமும் சதுரமாக வெட்டிவிட்ட பச்சை வேலி. தண்ணீர் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு வெள்ளையாக விழுந்து, சுருண்டு, அதற்கடுத்த படிக்குப் போகிறது. அந்த மாதம் முடிந்ததும் நான் தாளைக் கிழிக்கப் போனேன். என் மனைவி தடுத்துவிட்டாள். வருஷம் முடிந்து புது நாட்காட்டி வந்த பிறகும் அந்தத் தாள் அங்கேயேதான் இருந்தது. லாரித் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி அதைப் பார்ப்பாள். "ஏங்க, இது நெசமா, இல்ல வரைஞ்சதா?" என்று ஒருநாள் கேட்டாள். புகைப்படம்தான், நிஜம்தான் என்றேன். "பிடிக்கிறதுக்கு ஒரு ஆளு கூட இல்லையே" என்றாள்.

இந்த நேரத்தில்தான் அந்தக் கம்பெனியிடமே பல்சக்கரம் வெட்டும் எந்திரம் ஒன்று வாங்குவது என்று முடிவானது. அனுப்புவதற்கு முன்னால் அங்கேயே ஓட்டிப் பார்த்துச் சரி சொல்ல இரண்டு பேர் போகவேண்டும் என்றார்கள். ஃபோர்மன் பெயரும் என் பெயரும் வந்தன. என் மனைவியிடம் சொன்னபோது அவள் வேறு எதையும் கேட்கவில்லை. சேலை, சென்ட், சாக்லேட் எதுவும் கேட்கவில்லை. சுவரைக் காட்டி, "அதைப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. தண்ணி தானா இறங்குதா, எங்கேருந்து வருது, எங்க போகுதுன்னு பாத்துட்டு வாங்க" என்றாள். சரி என்றேன். உண்மையைச் சொன்னால் அவள் கேட்காவிட்டாலும் நான் பார்க்கத்தான் போயிருப்பேன். அந்தப் படத்தின் கீழேதான் நான் தினமும் சாப்பிட்டேன். எந்திரம் எல்லாம் எனக்குச் சாக்கு.

இனி ஃபோர்மனைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் ஆவடியை ஒட்டிய சேக்காட்டுக்காரர். அப்பா காலத்தில் அந்த ஊர் ஏரிப் பாசனத்தில் கூலிக்கு வயல் வேலை பார்த்த குடும்பம். இவர் தொழிற்சாலையில் எடுபிடியாகச் சேர்ந்து ஃபோர்மன் வரைக்கும் வந்தவர். குடியிருப்பில் எங்களுக்கு எதிர் வரிசை. நல்ல மனிதர், கெட்ட மனிதர் என்று பிரிக்க முடியாத ரகம். அவருக்கு ஒரு நோய் இருந்தது. தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டால் மூடாமல் இருக்க முடியாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எச்சில் கையோடு எழுந்துபோய் மூடுவார். அடுத்தவர் வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்து மூடுவார். தெரு வால்வைத் திருகுவதற்கென்றே ஒரு நீள இரும்புச் சாவியைத் தானே அடித்து வைத்திருந்தார். யாரும் அவரிடம் ஒப்படைக்காத வேலை அது. கடைசி வரிசை வீட்டில் இன்னும் பாதிக் குடம்கூட நிறைந்திருக்காது. முதல் வரிசையில் யாரோ குழாயைத் திறந்து போட்டிருக்கிறார்கள் என்று இவர் போய்த் தெருவுக்கே மூடிவிடுவார். காலையில் அவரைத் திட்டாத பெண்கள் எங்கள் குடியிருப்பில் இல்லை. "யாருய்யா உன்னை மூடச் சொன்னது?" என்று கேட்டால் அவரிடம் எப்போதும் ஒரே பதில்தான்: "யாரு சொல்லணும்? ஓடுதே!"

காசிக்குப் போயும் கருமம் தொலையவில்லை என்பார்கள். இத்தாலிக்குப் போயும் அவரை அது விடவில்லை. நாங்கள் தங்கிய சிறிய ஊரில் தெருமுனைக்குத் தெருமுனை ஒரு இரும்புக் குழாய். அதில் குடிதண்ணீர் சதா ஓடிக்கொண்டே இருந்தது. திருகு கிடையாது. திறக்கவும் வேண்டாம், மூடவும் முடியாது. முதல்நாள் சாயங்காலம் அதைக் கண்டவர் அப்படியே நின்றுவிட்டார். சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். "திருகே இல்ல தம்பி. இன்னா ஊரு இது? பேய் ஊரா கீதே" என்றார். கட்டைவிரலால் வாயை அடைத்துப் பார்த்தார். மேலே இருந்த பொத்தல் வழியாகத் தண்ணீர் பீச்சியடித்து, ஆவடிப் பையன்களிடம் இரவல் வாங்கி வந்திருந்த கோட்டு முழுக்க நனைந்தது. எதிர்க் காபிக்கடையில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் கைதட்டினார்கள். எனக்கு மானம் போயிற்று. அவருக்கு அதெல்லாம் கிடையாது. விடுதிக்கு வந்ததும் கழிவறைத் தொட்டியில் தண்ணீர் கசிகிறது என்று மூடியைக் கழற்றி நூல் போட்டுக் கட்டினார். மறுநாள் முதல் அந்தக் கழிவறையில் தண்ணீரே வரவில்லை.

எந்திர வேலை நன்றாகவே நடந்தது. அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கம்பெனி எஞ்சினியர் ஒருவர், கடைசி ஞாயிற்றுக்கிழமை தன் சொந்தக் காரில் எங்களை எங்காவது கூட்டிப்போகிறேன் என்றார். நான் நாட்காட்டிப் படத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தத் தோட்டம் காரில் போகிற தூரம்தான், காலையிலேயே வருகிறேன், நாள் முழுக்கப் பார்க்கலாம் என்றார். செவ்வாய்க்கிழமை எங்களுக்கு விமானம். ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் கிடையாது. சனிக்கிழமை ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

காலையில் கார் வந்தது. ஃபோர்மன் வரவில்லை. வெளியில் சாப்பிட மாட்டேன், மதியத்துக்குப் புளிச்சாதம் கட்டிக்கொள்ளாமல் கிளம்ப மாட்டேன் என்று அறையில் மின்சார அடுப்பை மூட்டி உட்கார்ந்திருந்தார். "அஞ்சே நிமிசம் தம்பி" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, விடுதி முழுக்க மின்சாரம் போய்விட்டது. விடுதிக்கார அம்மாள் ஈரத் தலையோடு மாடிப்படியில் நின்று கத்தினாள். என்ன சொன்னாள் என்று புரியாவிட்டாலும் எங்கள் பரம்பரையைப் பற்றித்தான் என்பது புரிந்தது. பிறகு ஃபியூஸ் போட ஆள் தேடி, ஆள் கிடைக்காமல், ஃபோர்மனே போட்டு, அது சரி என்று அந்த அம்மாள் ஒப்புக்கொண்டு, பாதி வெந்த சோறு மீண்டும் வெந்து முடிவதற்குள் மதியம் ஆகிவிட்டது. எஞ்சினியர் காரில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். நான் நடைபாதையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். புளிச்சாதப் பொட்டலத்தோடு இறங்கி வந்தவர், "இன்னா தம்பி, மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீற? தோட்டம் எங்க ஓடியா பூடும்?" என்று கேட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. நுழைவாயிலில் நீலக் கோட்டு அணிந்த காவல்காரப் பெண்மணி, இடுப்பில் சாவிக்கொத்து தொங்க, சாயங்காலம் மணி அடித்ததும் வெளியே வந்துவிடவேண்டும் என்று சொல்லித்தான் உள்ளே விட்டாள். உள்ளே ஒரே அமைதி. தோட்டம் ஒரு மலைச்சரிவில் அடுக்கடுக்காக மேலே ஏறியது. கீழடுக்கில் செடிகளைக் கட்டம் கட்டமாக வெட்டிக் கோலம் போல வளர்த்திருந்தார்கள். ஃபோர்மனுக்கு அது பிடித்துவிட்டது. குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, "ரசமட்டம் வச்சி வெட்டினாப்புல கீது" என்றார். பெரிய மண்தொட்டிகளில் எலுமிச்சை மரங்கள் காய்த்துக் கிடந்தன. பாசி படிந்த கல் முகங்கள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. ஒரு நீளமான கல் மேசையின் நடுவில் வாய்க்கால் வெட்டி அதில் தண்ணீர் ஓடியது. அந்தக் காலத்துப் பிரபு விருந்தாளிகளோடு சாப்பிடும்போது பழங்களையும் மதுவையும் குளிர வைப்பதற்காம். எஞ்சினியர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஒவ்வொன்றையும் மனைவியிடம் சொல்வதற்காக மனத்தில் அடுக்கிக்கொண்டே போனேன்.

படிக்கட்டு மேலடுக்கில், உயரமான பச்சை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. முதலில் அங்கே போகலாமா என்று எஞ்சினியர் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். எனக்கு ஒரு பழக்கம். இலையில் அப்பளத்தைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கிறவன் நான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியாக அதன் முன்னால் போய் உட்கார்ந்து, மணி அடிக்கிறவரை உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தேன். வேலிக்கு அப்பாலிருந்து சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பல வீடுகளில் ஒரே நேரத்தில் அரிசி களைகிற மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டுக்கொண்டேதான் மற்றவற்றைப் பார்த்தேன். அவசரம் என்ன, இதோ இருக்கிறது என்கிற நிம்மதியோடு பார்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நேரங்கள் குறைவு.

எஞ்சினியர் அப்போதுதான் அதைச் சொன்னார். இந்தத் தோட்டத்தில் மோட்டார் கிடையாது. மலைமேல் ஊற்று, அதிலிருந்து தானாகவே இறங்கி வருகிறது. தோட்டம் கட்டிய நாளிலிருந்து ராத்திரி பகலாக ஓடுகிறது என்றார். ஃபோர்மனுக்கு ஆங்கிலம் அரைகுறையாகத்தான் புரியும் என்பதால் நான்தான், மடையன், பெருமையாகத் தமிழில் எடுத்துச் சொன்னேன்.

"ராத்திரிலயுமா?" என்றார்.

"ஆமாண்ணே, ராத்திரியிலும்தான்."

"பாக்கறதுக்கு ஒருத்தனும் இல்லாதப்பவும் ஓடுதா?"

"ஓடுது."

அவர் புளிச்சாதப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். ஒதுங்கப் போகிறார் என்று நினைத்தேன். நானும் எஞ்சினியரும் ஒரு ஆற்றுத் தெய்வச் சிலையின் தாடியைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தோம். பிறகு, சரி, இனிப் போகலாம் என்று நான் வேலியை நோக்கி நடந்தேன். வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வாசல் வெட்டியிருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் நான் இருந்தபோது சத்தம் மெலிந்தது. காதில்தான் ஏதோ என்று நினைத்தேன். இன்னும் மெலிந்தது. வாசலைத் தாண்டி அந்தப் பக்கம் கால் வைத்தேன். சத்தம் நின்றது.

எதிரில் படிக்கட்டு. நாட்காட்டியில் பார்த்த அதே படிக்கட்டு. மேல் படிகளில் கல் தெரிந்தது. கீழே கடைசிப் படிகளில் மட்டும், வாளியில் மிச்சமிருந்ததைக் கவிழ்த்த மாதிரி, கொஞ்சம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் இறங்கிப்போய்விட்டது. எங்கேயோ ஒரு குருவி கத்தியது. அதுவரை தண்ணீர்ச் சத்தத்தில் அது கேட்டிருக்காது. அப்போது மேலே மரங்களுக்கு நடுவிலிருந்து ஃபோர்மன் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். "மேல ஒரு அறை தொறந்து கெடந்துச்சு தம்பி. உள்ள பெரிய வால்வு. எவனோ தொறந்து உட்டுட்டு பூட்டான். துரு புடிச்சி போயி திரும்பவே இல்ல. அங்க கெடந்த கடப்பாரைய போட்டு ஒரு அழுத்து அழுத்தினேன், மூடிக்கிச்சு" என்றார்.

"அண்ணே, உங்களை யார்ண்ணே மூடச் சொன்னது?" என்று கத்தினேன். அந்தத் தோட்டத்தில் அதுவரை யாரும் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள்.

"யாரு சொல்லணும்? ஓடுதே!" என்றார். அதே பதில். அதே குரல். ஏதோ எங்கள் குடியிருப்புத் தெருவில் நிற்கிற மாதிரி.

காவல்காரப் பெண்மணி சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். எல்லாரும் மேலே போனோம். அவள் திருகிப் பார்த்தாள், எஞ்சினியர் திருகிப் பார்த்தார், அசையவில்லை. ஃபோர்மன் "நவுரு" என்று சொல்லிக் கடப்பாரையைப் போட்டார். இப்போது சக்கரம் சுலபமாகச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை. உள்ளே தண்டு முறிந்துபோயிருந்தது. "செத்துப்போச்சு. கழட்டித்தான் மாத்தணும். ரெண்டு நாள் வேலை" என்று மருத்துவர் மாதிரிச் சொன்னார். அந்தப் பெண்மணி தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கிருந்த ஊற்றுத் தொட்டியின் கரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊற்றுத் தண்ணீர் தொட்டியிலிருந்து வேறு பக்கமாகப் பொங்கிக் காட்டுக்குள் வழிந்துகொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதையும் அடைக்கப் போயிருப்பார்.

குழாய் வேலைக்காரர் எப்போது வருவார் என்று எஞ்சினியர் மூலமாகக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, ஊரில் இல்லை, நாளைக்குத்தான் சொல்லி அனுப்பவேண்டும் என்றாள். நாளை மறுநாள் எங்களுக்கு விமானம் என்றேன். அது அவளுக்கு ஒரு தகவலாகவே படவில்லை. மணியை அடித்துவிட்டாள். வெளியே போங்கள் என்று கையால் காட்டினாள். எஞ்சினியர் பாவம், நல்ல மனிதர். திட்டு முழுவதையும் தான் வாங்கிக்கொண்டு, இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு படமாவது இருக்கட்டும் என்று என் இரவல் கேமராவை வாங்கி எங்கள் இருவரையும் படிக்கட்டின் முன்னால் நிறுத்தினார். சுருளில் கடைசிப் படம் அது. சிரிக்கச் சொன்னார். ஒருவர் சிரித்தார்.

திரும்பி வருகிற வழியில் காரில் ஃபோர்மன் பொட்டலத்தைப் பிரித்து, "சாப்டு தம்பி, பசி வந்தா கோவம் வரும்" என்று நீட்டினார். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஆவடிக்கு வந்து பெட்டியைக்கூடத் திறக்கவில்லை; மனைவி சுவரைத்தான் காட்டினாள். "பாத்தீங்களா? இறங்குதா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். அவள் பதில் சொல்வதற்குள் ஃபோர்மனே வந்துவிட்டார். கையில் இத்தாலியில் வாங்கிய வால்வுத் திருகு ஒன்று. எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று எனக்கு முன்பே அவருக்குத் தெரியும். "தங்கச்சி, கேளு. தண்ணி அங்க ராப்பகலா ஓடுது. கண்ணால பாக்க முடியல. நான்தான் மூடிட்டு வந்தேன்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காக ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன். "நல்ல காரியம் பண்ணீங்க அண்ணாச்சி. யாராவது ஒருத்தர் மூடணும்ல" என்றாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எனக்கு இரண்டு பூசாரிகள் வாய்த்தார்கள்.

காலையில் தெருமுனையில் அவரைத் திட்டுகிறவள்தான் அவள். ஆனால் அன்றைக்குப் பேச்சு அதோடு முடிந்துவிட்டது. அவளுக்கு அந்தப் படிக்கட்டின் மேல் இருந்த ஆசை, அதை மூடிவிட்டார்கள் என்று கேட்டதும் கணக்குத் தீர்ந்த மாதிரி தீர்ந்துவிட்டது. நாட்காட்டித் தாளை அவளே கழற்றிப் பெட்டிக்கு அடியில் விரித்தாள். படம் கழுவி வந்ததும் அதற்குச் சட்டம் போட்டு அந்த ஆணியிலேயே மாட்டினாள். "அண்ணாச்சி எவ்வளவு அழகாச் சிரிக்கிறாரு" என்றாள். நான் ஏன் அப்படி நிற்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. தொழிற்சாலைக் கேன்டீனில் கதை வேறு மாதிரி ஓடியது. ராஜா தோட்டத்துக்கே எங்க ஃபோர்மன்தான் தண்ணியை நிறுத்தினார், வெள்ளைக்காரன் கையெடுத்துக் கும்பிட்டான் என்று பேசினார்கள். அவர் மறுக்கவில்லை. நான் மறுத்தேன்; யாரும் காதில் வாங்கவில்லை. மெட்ராஸில் ஏரிகள் வறண்டுகிடந்த வருஷம் அது. தண்ணீர் ஓடுவதைப் பார்க்க முடியாமல் போயிற்று என்று அழுகிறவனுக்கு அந்த ஊரில் யார் ஆறுதல் சொல்வார்கள்?

தொண்ணூறுகளில் இன்னொரு எந்திரம் வாங்கினார்கள். இந்தமுறையும் போகிற பட்டியலில் என் பெயர் இருந்தது. மனம் மறுபடியும் அந்த வேலி வாசலில் போய் நின்றது. கடைசி நேரத்தில் வேறு நாட்டுக் கம்பெனி குறைந்த விலைக்குக் கொடுத்தது என்று அங்கே வாங்கிவிட்டார்கள். அத்தோடு சரி. நான் ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தேன். ஃபோர்மன் ஓய்வு பெற்றுச் சேக்காட்டில் தன் வீட்டுக்கே போய்விட்டார். சாயங்காலங்களில் சைக்கிளில் வருவார். வருகிற வழியில் எந்த வீட்டு மேல்தொட்டி நிரம்பி வழிந்தாலும் இறங்கி நின்று, "மோட்டார நிறுத்துய்யா, ஊடு மூழ்கிடப் போவுது" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டுத்தான் வருவார். கூடத்தில் அந்தப் படத்துக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்காருவார். என் மனைவி காபி கொடுப்பாள். எத்தனையோ தடவை கேட்க வாயெடுத்திருக்கிறேன்: அண்ணே, ஒரு நிமிஷம் கழித்து மூடியிருக்கக் கூடாதா? ஒரு தடவை கேட்டும்விட்டேன். அவர் யோசித்தார். "ஒரு நிமிசத்துல எவ்ளோ தண்ணி பூடும் தெரியுமா தம்பி?" என்றார்.

அவர் இறந்தது ஒரு மழைக்காலத்தில். சேக்காட்டுத் தெருவில் கணுக்கால் வரை தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாடை தூக்கியவர்கள் தடுமாறித் தடுமாறி நடந்தார்கள். என் மனைவி வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். ஆனால் செத்தவர்மேல் கோபம் வைக்கக் கூடாது என்று என்னால் இருக்க முடியவில்லை. அழுதுகொண்டே கோபமாகத்தான் நடந்தேன்.

போன மாதம் மகள் வந்திருந்தாள். பேச்சுவாக்கில் படத்தைப் பற்றிக் கேட்டு, அந்தத் தோட்டத்தின் பெயரைச் சொல்லச் சொல்லி, கைபேசியில் தேடி எடுத்துவிட்டாள். யாரோ சுற்றுலா போனவர் எடுத்த வீடியோ. எலுமிச்சைத் தொட்டிகள், கல் மேசை, பச்சை வேலி, வேலியில் அந்த வாசல். என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைபேசியை வாங்கினாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். வாசலைத் தாண்டியதும் படிக்கட்டு வந்தது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அளவுதான். ஆனாலும் ஒவ்வொரு படியிலும் வெள்ளையாக விழுந்து, சுருண்டு, அடுத்த படிக்குப் போவது தெரிந்தது. யாரோ எப்போதோ வால்வை மாற்றியிருக்கிறார்கள்.

அவள் முடிகிறவரை பார்த்தாள். மறுபடியும் போடச் சொல்லிப் பார்த்தாள். நான் வழக்கம்போல அண்ணாச்சி புராணத்தை எதிர்பார்த்தேன். அவள் தலை நிமிர்ந்து சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். அவரை இல்லை, பக்கத்தில் நிற்கிற என்னை. "இதையாங்க அன்னைக்கு உங்களைப் பாக்க விடாம மூடிட்டாரு?" என்று மெல்லக் கேட்டாள்.

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன். மகள் சமையலறைக்குப் போய்விட்டாள். வீடியோ முடிந்து முடிந்து முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அதே சத்தம், பல வீடுகளில் அரிசி களைகிற சத்தம், எங்கள் கூடம் முழுக்கக் கேட்டது. படத்தில் அவர் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். இதோ நிற்கும், இதோ நிற்கும் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். யாரும் வந்து மூடவில்லை.